பனியில் ஒரு கிணறு

எனக்கு ஹிந்தி தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாமல் விட்டதால், ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பயந்து பயந்து வாழ்ந்தவன் நான்.

தெரியாது என்றால் அடியோடு தெரியாது என்றில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுபதுகளில், நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மத்திய சர்க்கார் வேலை கிடைக்கும் என்று அப்பா என்னை ஹிந்தி டியூஷனுக்கு அனுப்பினார். பெயர்ப் பலகைகளில் ஹிந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த காலத்தின் சூடு ஊரில் முழுக்க ஆறியிருக்கவில்லை. புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சந்து வழியாகப் போவேன். பிராத்மிக் என்ற முதல் பரீட்சையில் தேறினேன். பசுவைப் பற்றிப் பதினைந்து வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். கேள்வித்தாளிலும் பசு வந்தது. பசுவைத் தவிர வேறு எதைப் பற்றியும் அந்த மொழியில் எனக்குக் கருத்து கிடையாது. அடுத்த பரீட்சையில் ரயில் பயணத்தைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு முறை தோற்றேன்.

மத்திய சர்க்கார் கூப்பிடவில்லை. திருவண்ணாமலையிலேயே ஒரு லாரி பார்சல் ஆபீஸில் புக்கிங் கிளார்க் ஆனேன். பம்பாயிலிருந்து வரும் மூட்டைகளின் மேல் மையில் எழுதியிருப்பதைக் கூட்டிப் படித்து, யாருக்கு வந்த மூட்டை என்று சொல்லிவிடுவேன். அது போதும், சுமை தூக்குகிறவர்களிலிருந்து டீக்கடை வரைக்கும் நான் ஹிந்திக்காரன். ஒருமுறை வடக்கிலிருந்து வந்த யாத்ரிகர் ஒருவரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் நீளமாக ஏதோ கேட்டார். நான் கையை நீட்டி மலையைக் காட்டினேன். எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் மலையைக் காட்டினால் பாதி பதில் சரியாகிவிடும். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். என் பெயர் இன்னும் உயர்ந்தது.

எண்பதுகளின் பின்பாதியில், தேரடித் தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில், நயினார் வீட்டில் டிவி வந்தது. அவர்கள் ஜைனர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டவர்கள். வீட்டுக்காரர் கிராமத்து நிலத்தைப் பார்த்துக்கொள்ள, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட அந்த அம்மாள், பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் குடியிருந்தார். சந்து மலைக்குக் கிழக்கே இருந்ததால் படம் ஓரளவு தெரிந்தது. மலைக்குப் பின்பக்கம் இருந்தவர்கள் ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டினாலும் பெட்டிக்குள் புள்ளி மழைதான் பெய்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெல்லியிலிருந்து ஒரு பொம்மைப் படத் தொடர் வந்தது. ஜப்பான்காரர்கள் வரைந்தது, ஹிந்தியில் பேசியது. பனி மூடிய ஒரு தேசம். கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு பெண், நாய் இழுக்கும் சறுக்கு வண்டியில் ஊர் ஊராகப் போய்க் கடிதம் கொடுக்கிறாள். வாரத்துக்கு ஒரு கடிதம், ஒரு வீடு, ஒரு அழுகை. முகத்தில் பாதியைக் கண்ணாகவே வரைந்திருந்தார்கள். அந்தக் கண்ணில் தண்ணீர் நிரம்பி, வழியாமல் நின்று, கூடத்தில் இருக்கிற நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்த பிறகுதான் வழியும்.

முதல் வாரம் எல்லாரும் அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயின் என்றால் சேட்டு, சேட்டு என்றால் ஹிந்தி என்பது எங்கள் சந்தின் கணக்கு. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பாட்டன் பூட்டன்லாம் இங்கயே ஏர் ஓட்டுனவங்க. எங்களுக்கு எங்கேர்ந்து ஹிந்தி வரும்?" என்றார். அப்புறம் இருபது தலையும் என் பக்கம் திரும்பின.

எனக்குத் தெரியாதுங்க என்று இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தேன். "கடுதாசி அந்தப் பொண்ணோட மாமனுக்கு வந்திருக்கு" என்று வந்தது.

அன்றைக்குப் பிடித்தது சனி. ஒரு ஞாயிறு கூட தவறவிட முடியவில்லை. காலையில் எட்டு மணிக்கே அக்கா வீட்டுப் பிள்ளைகள் வந்து என்னைக் கூட்டிப்போய் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடும். படத்தை ஒரு கண்ணாலும் கூட்டத்தை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு கதை சொல்வேன். பொம்மைகள் நீளமாகப் பேசினால் சுருக்கமாகவும், சுருக்கமாகப் பேசினால் நீளமாகவும் சொல்லிவிடுவேன். மொழிபெயர்ப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கூட்டமும் நம்பியது. நான் 'இவன் கெட்டவன்' என்று சொன்ன ஆள் அடுத்த காட்சியில் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால், 'மனசு மாறிட்டான்' என்பேன். அந்தத் தொடரில் மனசு மாறியவர்கள் அளவுக்கு வேறு எங்கேயும் மாறியிருக்க மாட்டார்கள்.

தொடரின் பெயர் எனக்குப் படிக்க வந்தது, அர்த்தம் வரவில்லை. எனவே 'தபால்காரி' என்று பெயர் வைத்தேன். வாரக் கதைகளுக்குச் சந்தே பெயர் வைத்தது. கரடிக்கு வைத்தியம், பல்செட் கதை, கல்யாணம் நின்ற கதை என்று. அந்தப் பெண்ணின் கழுத்துத் துண்டு என்ன நிறம் என்று ஒரு சண்டை வாரக்கணக்கில் ஓடியது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அது சாம்பலாகத் தெரிந்தது. கடைசியில் என்னைக் கேட்டார்கள். ஹிந்தி தெரிந்தவனுக்கு நிறமும் தெரியும் போலிருக்கிறது. சிவப்பு என்றேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் சிரிக்க மாட்டார், அழ மாட்டார், கேள்வி கேட்க மாட்டார். மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். ஐம்பதை நெருங்கிய வயது. தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, எதையும் கண் கொட்டாமல் பார்ப்பார். பார்த்தவுடன் ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று சொல்வார்; போட்டுப் பார்த்தால் அரைக் கிலோ கூட வித்தியாசம் இருக்காது. அவரை அண்ணே என்பேன். என்னைத் தம்பி என்பார்.

தம்பி என்று கூப்பிட அவருக்கு நான்தான் மிச்சம். சொந்தத் தம்பியோடு பேசிப் பதினோரு வருஷம். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் அவர்கள் நிலம். இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒருநாள் அண்ணன் முறை, ஒருநாள் தம்பி முறை என்று மோட்டார் ஓடும். ஒரு கோடையில், அண்ணன் முறையன்றைக்குத் தம்பி மோட்டாரைப் போட்டுவிட்டார். அண்ணன் வரப்பில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். தம்பி அதைவிடப் பெரியதாக ஒன்று சொன்னார். அன்றோடு அண்ணன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்து தராசைப் பிடித்தார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் விஷயம். கோயம்புத்தூரிலிருந்து மோட்டாருக்கு ஒரு உருப்படி வரவேண்டியிருந்தது. குத்தகைக்காரனுக்காக வாங்கப் பார்சல் ஆபீஸுக்கு வந்தார். லாரி லேட். மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "இத நான் எங்கயும் வாயத் தொறந்ததில்ல தம்பி. எங்க வீட்டுக்காரிக்குக்கூட பாதிதான் தெரியும்" என்றார். லாரி வந்தது. உருப்படியை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது பதினாலாம் வாரம்.

அந்த வாரம் பொம்மைகள் பேசவே இல்லை. அதுதான் என் கெட்ட நேரம். பேசினால் பேச்சுக்கு ஏதாவது இட்டுக்கட்டலாம். பனி உறைந்த ஆறு; இந்தக் கரையில் ஒரு வீடு, அந்தக் கரையில் ஒரு வீடு. நடு ஆற்றில் பனியில் வட்டமாக ஒரு துளை. ஒரு கிழவர் அதில் கயிறு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு எனக்குத் தெரியும், அது பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற இடம். அன்றைக்குத் திருவண்ணாமலையில் யாருக்குத் தெரியும்? வட்டம், கயிறு, உள்ளே தண்ணீர். இருபது பேரும் ஒரே குரலில் கிணறு என்றார்கள். கயிற்றில் மீன் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்; அவர்கள் வீட்டில் முட்டை படம் போட்ட காலண்டர் கூட மாட்ட மாட்டார்கள். யாரோ கிணற்றில் மீன் எப்படி என்று கேட்க, "ஏன், நம்ம ஊர் கெணத்துல கெண்ட இல்லியா?" என்று இன்னொருவர் அடக்கினார்.

ஐந்து நிமிஷமாக நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். தபால்காரி கிழவரிடம் கடிதத்தை நீட்டுகிறாள். கிழவர் படிக்கிறார். கடிதத்தைப் படித்துக் காட்டும் குரல் ஹிந்தியில் ஏதோ சொல்கிறது. எனக்கு ஒரே ஒரு வார்த்தை பிடிபட்டது: பாயி. சகோதரன். பிராத்மிக்கின் ஒரே பயன்.

பயத்தில் மூழ்குகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பான். எனக்குக் கிடைத்தது மழையில் கேட்ட கதை. "ரெண்டு பேரும் அண்ணன் தம்பி" என்று ஆரம்பித்தேன். "கெணத்துத் தகராறு. பத்துப் பதினோரு வருஷமா பேச்சு இல்ல. இவர் அண்ணன். தம்பி எழுதியிருக்கான், தப்பு எம்மேலதான்னு. கெணறு உனக்கே, நீ வந்தா போதும்னு." வாய் போய்க்கொண்டே இருந்தது. மோட்டாரைக் கூடச் சொல்லியிருப்பேன்; அந்தத் தேசத்தில் கரண்ட் இல்லாததால் பிழைத்தேன்.

திரையில் கிழவர் எழுந்து, விளக்கை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி நடந்தார். அந்தக் கரையில் கதவு திறந்தது. உள்ளே அதே மாதிரி மூக்கு, அதே மாதிரி கண்ணோடு ஒருவர். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஏதோ கஞ்சி குடித்தார்கள். பேசவில்லை. தொடரும் என்று போட்டார்கள்.

நான் மெதுவாக எடைக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து சோப்பு விளம்பரம் வந்தது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க நான் மண்டிப் பக்கம் போகவில்லை. டீக்கடையை மாற்றினேன். அடுத்த ஞாயிறு காய்ச்சல் என்று படுக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் பிள்ளைகள் வந்து போர்வையை உருவிவிட்டன. எடைக்காரர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. என்னிடம் நீட்டினார். உள்ளே கத்தரிக்காய்.

"எந் தம்பி செடியில காய்ச்சது" என்றார்.

கதை முடிந்து வெளியே வரும்போது மிச்சத்தைச் சொன்னார். திங்கட்கிழமை காலை பஸ் ஏறியிருக்கிறார். ஜப்பானில், எவனோ ஒரு கிழவன், பனியில் நடந்து போகிறான். தனக்குத் தார் ரோடும் பஸ்ஸும் இருக்கிறது என்று தோன்றியதாம். தம்பி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். தம்பி திறந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. தம்பி பெண்சாதி சோறு போட்டிருக்கிறாள். "நம்ம கத மாரியே அங்கயும் ஒருத்தனுக்கு நடந்திருக்கு பாரு தம்பி" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, கத்தரிக்காயைத் தரையில் கொட்டி எதிரில் உட்கார்ந்தேன். ஒரு மனிதர் பதினோரு வருஷத்தை ஒரு பொய்யின் மேல் தூக்கி வைத்துவிட்டார். பொய் என்று தெரிந்தால் என்ன ஆகும்? தன் வீட்டுக் கதையை ஒருவன் இருபது பேருக்கு முன்னால் கூத்தாடினான் என்று தெரியும். ரோஷக்காரர். ஒரு வார்த்தைக்காகப் பதினோரு வருஷம் போகாதவர், இதற்கு எத்தனை வருஷம் போகமாட்டாரோ. இந்த முறை கதவைத் தட்ட ஜப்பான்காரனும் வரமாட்டான். அன்றிலிருந்து எனக்குக் கத்தரிக்காயைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவரோ வாரம் தவறாமல் கொண்டுவந்தார்.

தொடர் முடிய நாலைந்து வாரம் இருக்கும்போது அக்கா வீட்டு மாடிக்கு ஒரு பேங்க் ஆபீசர் குடிவந்தார். வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். தமிழில் 'நாளைக்கி வாங்க', 'இங்க கையெழுத்து' என்ற இரண்டும் தெரியும். மற்றதெல்லாம் ஹிந்தி. வந்த அன்றே அக்கா என்னைக் கூப்பிட்டு, வாடகை, தண்ணீர், குப்பை பற்றியெல்லாம் அவரிடம் சொல்லச் சொன்னார். நான் ஒரு நோட்டுத் தாளில் படம் போட்டுக் காட்டினேன். இப்படித்தான் வடக்கே பேசிக்கொள்வார்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

அவர் கலர் டிவி வைத்திருந்தார். பிள்ளைகள் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தன. தபால்காரியின் துண்டு பச்சை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாடி டிவியில் கலர் கோளாறு என்றேன். துண்டில் ஆரம்பித்தது கிணற்றில் போய் நிற்க எத்தனை நாள் ஆகும்?

தொடர் முடிந்தது. கடைசி வாரம் தபால்காரி வண்டியை நிறுத்திவிட்டு எங்கோ நடந்துபோனாள். எங்கே என்று எனக்குத் தெரியாததால் கல்யாணமாகிப் போகிறாள் என்றேன். பாதிப் பேர் அழுதார்கள். அடுத்த ஞாயிறு வெறும் பெட்டிக்கு முன்னால் கூட்டம் கூடி, இருபத்தாறு கதையில் எது சிறந்தது என்று பேச ஆரம்பித்தது. பேச்சு சண்டை ஆனது. பல்செட் என்று பிள்ளைகள். கரடி என்று அக்கா. ஓட்டுப் போடலாம் என்று முடிவானது. அக்கா ஒரு முறம் மல்லாட்டை கொண்டுவந்தார். கதைக்கு ஒரு டம்ளர், ஆளுக்கு ஒரு மல்லாட்டை. முதல் ஓட்டெடுப்பு செல்லாமல் போனது. போட்ட ஓட்டைப் பாதிப் பேர் எடுத்து உரித்துத் தின்றுவிட்டார்கள். இரண்டாவது தடவை எண்ணும்போது ஒற்றைப் பருப்புக்கும் முப்பருப்புக்கும் ஒரே ஓட்டா என்று தகராறு வந்தது.

எடைக்காரர் எழுந்து வீட்டுக்குப் போய்க் கைத்தராசைக் கொண்டுவந்தார். ஒரு தட்டில் பல்செட், ஒரு தட்டில் கரடி. கரடி இறங்கியது. கரடிக்கு எதிரே கிணறு. கூடமே தட்டைப் பார்த்தது. கிணறு மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி, கீழே போனது. அவர் தராசை நிலைக்குக் கொண்டுவந்து, முள்ளைக் காட்டி, "நான் ஒண்ணும் அமுக்கல. ஜாஸ்தியும் இல்ல கம்மியும் இல்ல. பாத்துக்குங்க" என்றார். அமுக்கினாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதருக்குக் காது வரைக்கும் சிவந்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். நேயர் கடிதம் வாசிக்கிற நிகழ்ச்சி ஒன்று டெல்லியில் உண்டு. நம் தீர்ப்பை அதற்கு எழுதிப் போட வேண்டும் என்று எடைக்காரரே சொன்னார். "கெணத்துக் கதய முழுசா எழுது தம்பி. எழுதுனவனுக்கு நாம புரிஞ்சிகிட்டோம்னு தெரியணும்." ஹிந்தியில் எழுத வேண்டும், எழுத நான் இருக்கிறேன். பிழை இல்லாமல் இருக்க மாடி ஆபீசர் ஒருமுறை படித்துப் பார்த்துவிடட்டும் என்று அக்கா சொன்னார். அக்கா எப்போதுமே எதையும் பாதியில் விடமாட்டார்.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை எழுதினால் சிரிப்பீர்கள். நானே சிரிக்கிறேன், இப்போது. எழுதிய தாளில் மையைக் கொட்டினேன். எடைக்காரர் புது மைப்புட்டி வாங்கிக்கொடுத்தார். கடிதத்தைப் பெங்களூர் போகிற பார்சலுக்குள் தவறிப் போட்டுவிட்டேன் என்றேன். இன்னொன்று எழுது, நாளாகட்டும் என்றார்கள். கோயிலுக்குப் போய், அந்த ஆபீசருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் வந்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை என்பது சாமிக்கும் தெரியும். கடைசியில் எழுதினேன். நாலு வரி. அதில் இரண்டு, பசுவைப் பற்றியது. எனக்குத் தெரிந்த பிழையில்லாத ஹிந்தி அதுதான்.

ஞாயிறு காலை. கூடம் நிறைந்திருந்தது. ஆபீசர் மாடியிலிருந்து இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தை வாங்கினார். ஒருமுறை படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டார். ஆமாம் என்பதற்கு ஜீ ஹாங் என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் ஜீ ஹாங். நல்ல மனிதர், கண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டது தெரிந்தது. பிள்ளைகள் டம்ளரைக் காட்டி, கையால் வட்டம் போட்டு, கயிறு இழுத்துக் காட்டின. எந்தக் கதை என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. முகம் மலர்ந்தது. முன்பிருந்த ஊரில் அவரும் தன் மகளோடு உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறார் போல. கூட்டத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, கையை ஆட்டி, அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஹிந்தி புரிந்தது. ஏன் அன்றைக்குப் பார்த்துப் புரிய வேண்டும்? அவ்வளவு மெதுவாகச் சொன்னார். சோட்டா பாயி என்றார். ஆற்றின் அந்தக் கரையைக் காட்டினார். மர் கயா என்றார். இரண்டு கண்ணையும் மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார். பிறகு பேட்டா என்றார். தன் முகத்தைத் தொட்டு, அதே முகம் என்று சைகை செய்தார்.

கடிதம் தம்பி எழுதியதல்ல. தம்பி செத்துப்போனான் என்ற செய்தி. அண்ணன் ஆற்றைத் தாண்டிப் போனபோது கதவைத் திறந்தது, அப்பன் முகத்தை உரித்து வைத்த மகன். அதனால்தான் இரண்டு பேரும் பேசாமல் கஞ்சி குடித்தார்கள்.

ஆபீசர் முடித்துவிட்டு என்னைக் காட்டினார், நீ சொல் என்று. எல்லாத் தலையும் பழையபடி என் பக்கம் திரும்பின. எடைக்காரர் தராசுப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"சார் கடுதாசி நல்லா இருக்குன்றார்" என்றேன். "கெணத்துக் கததான் அவருக்கும் புடிச்சதாம்."

கூடம் கை தட்டியது. ஆபீசரும் சேர்ந்து தட்டினார், எதற்கென்று தெரியாமல்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எடைக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"அவுரு கண்ண மூடிக் காட்னாரே தம்பி. யாருக்குச் சாவு?"

எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. நாய்க்கு என்று சொல்லலாம். தொடரில் நாய் உண்டு. அவர் முள்ளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சொல்லிவிட்டேன். தம்பி செத்ததை, மகன் கதவு திறந்ததை, எனக்கு ஹிந்தி தெரியாததை, இருபத்தாறு வாரத்தை, எல்லாவற்றையும். செருப்பு ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மத்த வாரம்லாம் நீயா கட்டிவுட்டது?"

"ஆமாண்ணே."

"அந்த வாரம் மட்டும் எங்க வூட்டுது."

"ஆமாண்ணே. வாயில வேற ஒண்ணும் வரல."

அவர் தலையை ஆட்டினார். கோபமா, சரி என்பதா, தெரியவில்லை. என் சட்டைப்பையில் இருந்த டெல்லிக் கடிதத்தை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். "மழயில சொன்னது" என்று மட்டும் சொன்னார். சந்து முனை திரும்பும் வரைக்கும் தராசுத் தட்டு பைக்குள் ஆடுகிற சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பார்சல் ஆபீஸுக்கு அவர் பெயரில் ஒரு மோட்டார் பெல்ட் வந்தது. மண்டியிலிருந்து வேறு ஆள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனார். ரோட்டில் எதிரே வந்தால் அவர் மலையைப் பார்த்துக்கொண்டு போனார். என்னோடு பேசாததைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்று சொன்னால் அதுவும் மொழிபெயர்ப்புதான். ஆனால் அதைவிட ஒன்று குடைந்தது. கிணற்றுக்குத் திரும்பப் போகிறாரா, இல்லையா? யாரைக் கேட்பது? கேட்டால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். இரண்டு முறை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பும்போது இறங்கிவிட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்தாலே விசில் ஊதாமல் காத்திருக்க ஆரம்பித்தார். காய்கறிக் கடையில் யார் கத்தரிக்காய் வாங்கினாலும், எந்த ஊர்க் காய் என்று கேட்டேன். வீட்டில் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள், கல்யாணம் ஆகாததுதான் காரணம் என்று நினைத்து.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம், பார்சல் ஆபீஸ் வாசலில் ஒருவர் வந்து நின்றார். எடைக்காரரின் மூக்கு, எடைக்காரரின் கண்; ஆனால் முன்பல் இருந்தது, தலை கறுப்பு, முழங்கால் வரைக்கும் சேறு. அதே முகம் என்று ஆபீசர் சைகை செய்தது ஞாபகம் வந்து, நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இங்க ஹிந்திக்காரர் யாருங்க?"

சுமை தூக்குகிறவர் என்னைக் காட்டினார்.

அவர் ஒரு துணிப்பையை மேஜையில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் எதிர்பார்த்ததைவிட நான் சின்ன ஆளாக இருந்தேன் போலிருக்கிறது.

"அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லுச்சுங்க" என்றார். "உங்ககூட பேச மாட்டேன்னு சொல்லச் சொல்லுச்சு."

"சரிங்க" என்றேன். "அண்ணன் எப்ப சொன்னாரு?"

"நேத்து. மோட்டார் கொட்டாயில உக்காந்துதான். வாரத்துல ரெண்டு நாளு வந்துடுதே. வந்தா உங்களத் திட்டாம போறதில்ல. எனக்கும் கேக்க நல்லா இருக்கு."

நான் உட்கார்ந்தேன். நாற்காலி இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவர் போகாமல் நின்றார். மேஜை மேல் இருந்த புக்கிங் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் படத்துல தம்பி நெஜமாவே செத்துட்டானா?"

"ஆமாங்க."

வாசல் பக்கம் பார்த்தார். லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி விட்டு ஒதுங்கினார்.

"நல்ல வேள, நீங்க ஒழுங்கா ஹிந்தி படிக்கல" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

பையைத் தூக்கிப் பார்த்தேன். கத்தரிக்காய், இரண்டு கிலோ இருக்கலாம், இரண்டரை இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் என்னோடு பேசுவதில்லை.